கொசுறுவின் கடவாய்ப் பல்

நாய்க்குப் பல் வலிக்கும் என்று சொன்னால் வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் சிரிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிரிக்கட்டும். என் நாய் ஆஸ்பத்திரியில் கிடந்ததையும், அதனால் நான் வயிற்றில் ஊசி வாங்கிக்கொண்டதையும் எழுதி வைத்தால் நாளைக்கு இன்னொருத்தர் வீட்டு நாயாவது தடியடிக்குத் தப்பும். அதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எழுத்து எனக்குப் பழக்கமில்லை. இரண்டாம் வகுப்பில் பாதியோடு நின்றவன். ஆனால் நின்றவன் எங்கே போய்ச் சேர்ந்தேன் என்று ஊருக்கே தெரியும். தோளில் ஒரு கயிறும் இடுப்பில் ஒரு வேட்டியுமாகச் சந்தைக்குள் நுழைந்தேன். இன்றைக்கு ஓட்டு வீடு, கிணற்றில் மோட்டார், வாசலில் இரண்டு ஜோடி காளை. கோவிந்தாபுரத்திலிருந்து பொள்ளாச்சி வரைக்கும் என்னைக் கேட்காமல் மாடு வாங்கினவன், வாங்கின பிறகாவது என்னிடம் வந்து வருத்தப்பட்டுவிட்டுத்தான் போவான். மாட்டுத் தரகு என்றால் சும்மா இல்லை. துண்டை விரித்து, அதற்கடியில் வாங்குகிறவன் விரலையும் விற்கிறவன் விரலையும் மாறி மாறிப் பிடித்து விலை பேசவேண்டும். எத்தனை விரலைப் பிடிக்கிறோமோ அதுதான் விலை. வாயால் ஒரு பேச்சும் கிடையாது. கையை உருவிக்கொண்டால் வியாபாரம் முறிந்தது. உருவாமல் இருந்தால் விலை படியும்.

இன்னொரு வித்தை பல். மாட்டின் கீழுதட்டை இழுத்து முன்பல்லைப் பார்த்தால் வயசு சொல்லிவிடலாம். ரெண்டு பல், நாலு பல், ஆறு பல், எட்டும் முளைத்தால் கடை சேர்ந்தது என்று கணக்கு. நான் இழுக்கக்கூட மாட்டேன். மாடு ஒரு தரம் அசைபோட்டால் எனக்குப் போதும். பல் விஷயத்தில் என்னை ஏமாற்றினவன் இந்த எல்லையில் இன்னும் பிறக்கவில்லை.

இந்தத் திமிரோடுதான் கொசுறுவின் வாயையும் பார்த்தேன்.

கொசுறு என்பது என் நாய். செவலை நிறம், நெற்றியில் வெள்ளை. ஒரு ஜோடி காளைக்கு நான் விலையைக் குறைத்துக்கொண்டே போக, கோவிந்தாபுரத்துக்காரர் ஒருவர் வெறுத்துப்போய், "இதுக்கு மேல கொறைக்க மாட்டனுங்க, வேணும்னா இந்தக் குட்டியக் கொசுறா வெச்சுக்கங்க" என்று மடியில் கிடந்ததை எடுத்து வண்டியில் போட்டார். அந்தக் காளைகளை அடுத்த சந்தையிலேயே விற்றுவிட்டேன். கொசுறு மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. வண்டிக்கு அடியில் படுத்தால் வண்டியில் ஒரு துரும்பு போகாது. சந்தையில் மாட்டுக்குக் கொம்பு சீவுவார்கள். அப்போது விழுகிற கொம்பு நுனியை எடுத்து எறிவேன். கொசுறு கடவாயில் வைத்துக் கடகடவென்று உடைக்கும். பார்க்கவே ஆள் கூடும். "பார்றா, என் நாய்ப் பல்லப் பார்றா" என்பேன்.

போன கோடையில் அதன் வலது கண்ணுக்குக் கீழே ஒரு வீக்கம் வந்தது. முள் குத்தியிருக்கும் என்று மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசினேன். வீக்கம் உடைந்து சீழ் வந்து ஆறிவிட்டது. என் மருந்து என்று நாலு பேரிடம் சொல்லி முடிப்பதற்குள் அதே இடத்தில் மறுபடி வீங்கியது. மறுபடி பூசினேன். மறுபடி ஆறியது. மறுபடி வீங்கியது.

என் மனைவி ராமாத்தாள்தான் முதலில் சொன்னாள். "ஏனுங்க, இது ஒரு பக்கமாவே திங்குது. சோத்த இடது பக்கம் ஒதுக்கி ஒதுக்கி முழுங்குது. பல்லா இருக்குமோ என்னமோ?"

பல்லைப் பற்றி எனக்கே சொல்கிறாளா என்று எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கொசுறுவை இழுத்து, மாட்டுக்குச் செய்வது போலவே கீழுதட்டை இறக்கிப் பார்த்தேன். முன்பல் எல்லாம் அரிசி மாதிரி வெள்ளை. ஒன்றும் ஆடவில்லை. "பல்லு சுத்தமா இருக்குது புள்ள. உன் வேலையப் பாரு" என்றேன்.

அவளும் வேலையைப் பார்க்கப் போனாள். போகும்போது, "பல்லு சுத்தமா இருந்தாச் சரிதானுங்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த 'தானுங்'கில் எவ்வளவு இருக்கிறது என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும்.

அப்புறம் கொசுறு சாப்பாட்டையே நிறுத்திவிட்டது. வாயோரம் எச்சில் கயிறு கயிறாகத் தொங்கியது. கிட்டே போனால் உறுமல். பக்கத்துத் தோட்டத்துக்கார நாச்சிமுத்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, "ஏனுங்ணா, இது வெறி புடிச்சாட்டம் இருக்குதுங்" என்றான். எனக்குச் சுருக்கென்றது. காய்ச்சலாகத்தான் இருக்கும், கஷாயம் கொடுத்தால் சரியாகும் என்று, மாட்டுக்கு மருந்து ஊட்டுகிற மூங்கில் குழாயை எடுத்தேன். மாட்டுக்கு முன்பல்லுக்கும் கடவாய்க்கும் நடுவில் வெற்றிடம் உண்டு. அந்த வழியாகக் குழாயைச் செருகினால் மாடு ஒன்றும் செய்யாது. நாய்க்கு அந்த வெற்றிடம் எங்கே இருக்கிறது? குழாய் வலது கடவாயில் போய் இடித்தது. அதுவரைக்கும் என்னைப் பல்லால் தொட்டறியாத கொசுறு என் கட்டைவிரலைக் கடித்துவிட்டது.

ரத்தத்தைப் பார்த்ததும் நாச்சிமுத்து கத்தினான். கொஞ்ச நேரத்தில் வாசலில் தடியோடு ஆட்கள். வெறிநாய் கடித்தால் கடித்த நாயை அங்கேயே அடித்துப் போடுவதுதான் ஊர் வழக்கம். யாரும் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் வீட்டிலும் குழந்தைகள் இருக்கின்றன.

ராமாத்தாள் என் கையைச் சோப்புப் போட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவினாள். கழுவிக்கொண்டே வாசலைப் பார்த்துச் சொன்னாள்: "அடிக்கறதுன்னா அடிங்க. ஆனா இவரு இத்தன நாளா மாட்டுக்கு வைத்தியம் பாத்தவரு. அவரு வெறின்னு சொல்லட்டும், அப்பறம் அடிங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வெறியா இல்லையா என்று தெரியவில்லை. தெரியாது என்று சொல்லிப் பழக்கமும் இல்லை. "பாலக்காட்டு மிருக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன். பெரிய டாக்டரு சொல்லட்டும்" என்றேன். கன்றுக்குட்டி மண் தின்னாமல் இருக்கப் போடுகிற வாய்க்கூட்டைக் கழியால் தள்ளித் தள்ளி மாட்டி, வண்டியில் சங்கிலியால் கட்டினேன். என் காளைகள் அன்றைக்கு ஓடின ஓட்டத்தைப் பார்த்தவர்கள் இப்போதும் அந்த ஜோடிக்கு விலை கேட்கிறார்கள்.

எமர்ஜென்சி வந்ததிலிருந்து டாக்டர்மார் நேரத்துக்கு வந்துவிடுகிறார்கள். வராந்தாவில் காத்திருந்தவர்களில் ஆட்டோடு ஒரு கிழவர், மடியில் பூனையோடு ஒரு டீச்சரம்மா. எங்களைப் பார்த்ததும் எல்லோரும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். மரியாதை என்று நினைத்தேன். எச்சிலைப் பார்த்து நகர்ந்திருக்கிறார்கள்.

டாக்டர் பாலக்காட்டுப் பழைய கோயில் தெருக்காரர். சின்ன வயசு, மெலிந்த உடம்பு. நாயைத் தொடுவதற்கு முன்னால் கதை முழுக்கக் கேட்டார். என் விரலைப் பார்த்தார்.

"கண்ணுக்குக் கீழே புண் எத்தனை தரம் வந்தது?"

"ஆறி ஆறி வந்துச்சுங்."

"பல்லைப் பாத்தேளா?"

"பாக்காம இருப்பனுங்களா? தொழிலே அதுதானுங்க. பல்லு சுத்தமா இருக்குது."

"மேலே பாத்தேளா?"

"மேலயா? மேல என்னங்க இருக்கும்?"

அவர் சிரிக்கவில்லை. ஆனால் சிரிப்பை அடக்க மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாட்டுக்கு மேல்வாயில் முன்பல்லே கிடையாது, வெறும் ஈறுதான். அதனால் தரகன் எவனும் மேலே பார்க்க மாட்டான். இத்தனை வருஷமாகக் கீழே மட்டும் பார்த்துப் பழகின கண் எனக்கு.

கையுறை போட்டு, நாயை வராந்தாக் கம்பியோடு சேர்த்துக் கட்டி, வாய்க்கூட்டின் இடுக்கில் ஒரு மரக்குச்சியை விட்டு வலது மேலுதட்டைத் தூக்கிக் காட்டினார். கடைசிப் பக்கம் ஒரு பெரிய பல். அதன் வெளிப்பக்கம் சில்லு பெயர்ந்த ஓடு மாதிரி உடைந்திருந்தது. சுற்றிலும் பழுப்பாகக் காறை. ஈறு சிவந்து வீங்கியிருந்தது. அந்த நாற்றம் இப்போதும் மூக்கில் இருக்கிறது.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். நாய்க்கு மேல்வாயில் கத்தரி போல வெட்டுகிற கடவாய்ப் பல் பக்கத்துக்கு ஒன்று உண்டு. அதற்கு மூன்று வேர். அந்த வேர் கண்ணுக்குக் கீழே இருக்கிற எலும்பு வரைக்கும் போகிறது. பல்லுக்கு நடுவில் ரத்தமும் நரம்புமாக உயிர் இருக்கிறது. கொம்பு, குளம்பு மாதிரிக் கெட்டியானதைக் கடித்துப் பல் உடைந்தால் அந்த உயிர்ப்பகுதி வெளியே தெரியும். அதன் வழியாகக் கிருமி இறங்கி வேரில் சீழ் பிடிக்கும். சீழுக்கு வெளியே வர வழியில்லாததால் கன்னத்தைத் துளைத்துக்கொண்டு வரும். மேலே எத்தனை மஞ்சள் பூசினாலும் உள்ளே வேர் இருக்கிற வரைக்கும் ஆறாது. வாயை மூடினால் வலிக்கும். அதனால் எச்சில் ஒழுகும்.

"அப்ப வெறி இல்லீங்களே?"

"என் மனசு பல்லுன்னுதான் சொல்றது. ஆனா கடிச்சிருக்கு. என் மனசை நம்பி உங்க உயிரோட விளையாட மாட்டேன். வெறி இருந்தா பத்து நாளைக்குள்ள நாய் செத்துப்போயிடும். பத்து நாள் தாண்டி நன்னா இருந்ததுன்னா, கடிச்சப்போ வெறி இல்லைன்னு அர்த்தம். அதுவரைக்கும் கூண்டில இருக்கட்டும். நீங்க இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கணும்."

"பல்லு?"

"மயக்கம் கொடுத்துத்தான் பிடுங்கணும். மயக்கத்துல செத்துதுன்னா வெறியில செத்துதா, மயக்கத்துல செத்துதான்னு சந்தேகம் வந்துடும். பத்து நாள் கழிச்சுத்தான். அதுவரைக்கும் பென்சிலின்."

கூண்டுக்குள் விட்டதும் கொசுறு சுவரில் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டு முனகியது. பத்து நாள் இது தாங்குமா? தோளில் கிடந்த துண்டை எடுத்து டாக்டர் கைமேல் போட்டேன். அடியில் அவர் விரல் ஐந்தையும் பிடித்து அழுத்தினேன்.

"என்ன இது? கையை விடுங்கோ."

"அஞ்சு நாளுங்க. அஞ்சுக்கு முடிச்சுக்கலாமுங்க."

அவருக்கு விவரம் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நான் விளக்கினேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் கையைத் துண்டுக்கடியில் வைத்தபடியே என் ஐந்து விரலையும் ஒரு தரம் பிடித்தார். விட்டார். மறுபடியும் ஐந்தையும் பிடித்தார்.

"பத்து. ஒரு விரல் குறையாது தரகரே."

நான் கையை உருவவில்லை. என் தொழிலில் ஒருத்தரும் என்னை அப்படி மடக்கினதில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் தொப்புளைச் சுற்றி ஊசி. தினம் ஒன்று. கடுப்பு என்றால் அப்படி ஒரு கடுப்பு. எனக்கு முன்னால் நின்ற பட்டாளத்துக்காரர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை, வேண்டுமானால் நர்ஸம்மாவைக் கேட்டுக்கொள்ளலாம். நாய் நன்றாக இருந்தால் பத்தாம் நாளுக்குப் பிறகு நிறுத்திவிடலாம், நாய்க்கு ஒன்று ஆனால் முழுசாகப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று அங்கேயும் சொன்னார்கள். ஆக, கொசுறுவின் உயிரோடு என் உயிரும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தது.

ஊசி போட்டதும் நேரே கூண்டுக்கு வந்துவிடுவேன். தெரிந்த மண்டிக்காரர் வீட்டில் படுக்க இடம் கொடுத்திருந்தார். படுத்தால் தூக்கம் ஏது. எங்கே நாய் குரைத்தாலும் கொசுறுவின் குரல் மாறிவிட்டதோ என்று காதைத் தீட்டுவேன். வெறிநாய்க்குக் குரல் மாறும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தாடை தொங்கிப்போகும், முழுங்க முடியாது, பிறகு கால் விழுந்துவிடும் என்றும் சொல்லியிருந்தார். இதையெல்லாம் கேட்காமல் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

மூன்றாம் நாள் கொசுறு எழுந்திருக்கவில்லை. வலது கண் வீங்கி மூடிவிட்டது. கூப்பிட்டால் காது மட்டும் ஆடியது. தண்ணீர்த் தட்டு வைத்தபடியே இருந்தது. நான் கூண்டுக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சந்தையில் விலாவைப் பார்த்தே சினை சொல்லுகிறவன், என் நாய் பிழைக்குமா என்று சொல்லத் தெரியாமல் நின்றேன்.

அன்றைக்குத்தான் ராமாத்தாள் பஸ் ஏறி வந்தாள். எனக்குக் கட்டுச்சோறு. கொசுறுவுக்குத் தனியாக ஒரு தூக்கில் ராகிக் கூழ், மோர் விட்டுக் கரைத்து ஆறவைத்தது. கூழைத் தட்டில் ஊற்றி டாக்டரிடம் கேட்டு நீளக் கழியால் உள்ளே தள்ளினாள். பிறகு தரையில் உட்கார்ந்துகொண்டு, ஊர்க்கதை சொல்ல ஆரம்பித்தாள். கிணறு வற்றியது, எருமை ஈன்றது, கோழி காணாமல் போனது. எனக்கா சொல்கிறாள் என்று பார்த்தால் நாய்க்குச் சொல்கிறாள்.

கொசுறு வயிற்றைத் தரையில் தேய்த்து நகர்ந்து வந்தது. தலையைச் சாய்த்து இடது பக்கமாக நக்கியது. நாலு நக்கு. தொண்டை ஏறி இறங்கியது.

பின்னால் டாக்டர் வந்து நின்றதை நான் பார்க்கவில்லை. "முழுங்கறது பாருங்கோ" என்றார். எனக்கு இருந்த அதே தவிப்பு அவர் குரலிலும் இருந்தது. "வெறி முத்தின நாய் இப்படிக் கிடந்தா முழுங்காது."

"இடது பக்கமாத்தான் முழுங்குதுங்" என்றாள் ராமாத்தாள். "நான் அப்பவே சொன்னனுங்."

"யார்கிட்ட சொன்னேள்?"

"பல்லு தெரிஞ்சவருகிட்டத்தானுங்."

டாக்டர் மறுபடி கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். நான் கட்டுச்சோற்றைப் பிரித்தேன்.

பென்சிலின் வேலை செய்தது. கண் கொஞ்சமாகத் திறந்தது. ஆனால் பல் உள்ளேதான் இருக்கிறது, வலியும் இருக்கிறது. அது முனகும்போதெல்லாம் எனக்கு வயிற்று ஊசி இரண்டாம் தரம் ஏறினது போல இருக்கும். ஒருநாள் நாச்சிமுத்து ஒரு சீப்பு நேந்திரம்பழத்தோடு வந்தான். கூண்டை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்ணா, இன்னும் சாகலீங்ளா?" என்றான்.

"எதுடா, நாயா நானா?"

"ரெண்டு பேருந்தானுங். ஊருல கேக்கறாங்கல்ல."

அவனிடம் டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "அன்னிக்கு நீங்க அடிச்சுக் கொன்னிருந்தா வெறி இருந்துதா இல்லையான்னு யாருக்கும் தெரிஞ்சிருக்காது. இவர் தினம் பயந்துண்டே இருக்கணும். கடிச்ச நாயை அடிக்கப்படாது. ஜாக்கிரதையாக் கட்டிவெச்சு எங்ககிட்டக் காட்டணும்." நாச்சிமுத்து தலையை ஆட்டினான். திரும்பிப் போகும்போது, கம்பிக்குத் தூரமாக நின்றபடியே, "கொசுறு, பொழச்சுக்கடா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பேசின பத்து நாளும் முடிந்தது. கொசுறு உயிரோடு, கூழ் குடித்துக்கொண்டு, என்னைக் கண்டால் வாலையும் ஆட்டிக்கொண்டு இருந்தது. அன்றைக்கு ஊசியை நிறுத்திவிட்டார்கள். நான் வயிற்றைத் தடவிக்கொண்டே ஓடி வந்தேன். வராந்தாவில் டாக்டர் நின்றிருந்தார். என் தோள் துண்டை எடுத்துத் தன் கைமேல் போட்டுக்கொண்டு நீட்டினார். அடியில் என் ஒற்றை விரலைப் பிடித்தார். நாளைக்கு, என்று எனக்குப் புரிந்தது.

மயக்க ஊசி காலில் போட்டார்கள். கொசுறு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பார்த்தபடியே கண் நின்றுவிட்டது. நாக்கை இழுத்து வெளியே போட்டார்கள். பெரிய பல்லை முழுசாகப் பிடுங்கினால் தாடை உடையும் என்று சின்ன ரம்பத்தால் அறுத்து, வேர் வேறாகப் பிரித்து, ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார். கடைசி வேரோடு சீழ் கொட்டியது. குழியைக் கழுவினார். மற்ற பல்லில் இருந்த காறையையும் சுரண்டினார். அது முடிகிற வரைக்கும் நான் அதன் விலாவில் கை வைத்து மூச்சை எண்ணிக்கொண்டே இருந்தேன். ஒரு தரம் மூச்சு வரத் தாமதமானது. டாக்டரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பிறகு வந்தது.

பல்லை என் உள்ளங்கையில் வைத்தார். மூன்று துண்டு. இத்தனூண்டுக்குத்தானா என்று இருந்தது. கொசுறு கண் விழிக்க வெகு நேரமாயிற்று. விழித்ததும் கன்னத்தைத் தேய்க்கவில்லை. தலையை என் பாதத்தின்மேல் வைத்தது. அவ்வளவுதான். நான் வெளியே போய் மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்தேன். மாட்டுக்குத் தாகமில்லை. எனக்குத்தான் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை.

ஊருக்குக் கிளம்புகிறபோது டாக்டர் சொன்னது இது. கொம்பு, குளம்பு, கெட்டி எலும்பு எதுவும் போடக்கூடாது. வாய் நாறினாலோ, ஒரு பக்கமாகத் தின்றாலோ, கண்ணுக்குக் கீழே வீங்கினாலோ காத்திருக்கக்கூடாது. புண் ஆறியதும் தினமும் உதட்டைத் தூக்கி, முக்கியமாக மேலே பார்த்து, ஈரத்துணியால் பல்லைத் துடைக்க வேண்டும். "மேலே" என்பதை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

கன்னத்துப் புண் இந்தத் தரம் மஞ்சள் இல்லாமலே ஆறியது. திரும்பவில்லை. டாக்டர் சொன்னபடி வாய்ப்புண்ணும் ஆறியதும் வாசலில் உட்கார்ந்து கொசுறுவைக் கூப்பிட்டேன். சந்தைத் துண்டின் ஒரு முனையை நனைத்துக் கட்டைவிரலில் சுற்றினேன். அதே விரல். தழும்பு இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நாச்சிமுத்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

வலது மேலுதட்டைத் தூக்கினேன். குழி மூடி ஈறு ரோஜா நிறத்தில் இருந்தது. பக்கத்துப் பல்லில் விரலை வைத்ததும் கொசுறு வாயை மூடிக்கொண்டது. விரல் உள்ளே.

"ஏனுங்க, கைய எடுங்க" என்றாள் ராமாத்தாள், மெதுவாக.

நான் உருவவில்லை. துண்டுக்கடியில் ஒருத்தன் விரலைப் பிடித்திருக்கும்போது உருவுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. கொசுறு என்னைப் பார்த்தது. பல் என் தழும்பின்மேல் பட்டும் படாமலும் இருந்தது. உறுமல் இல்லை. அழுத்தவும் இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு, தானாகவே வாயைத் திறந்து கொடுத்தது.

விலை படிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. துடைக்க ஆரம்பித்தேன். மேலேயிருந்து.